ட்ரையர் சுற்றுகிறது, சூடு மட்டும் இல்லை: கழற்றுவதா, ஆள் கூப்பிடுவதா, புதிது வாங்குவதா, கொடியே போதுமா?

ஜனவரி, பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் துவைத்த துணியைக் காயவைப்பது பெரும்பாடு. மதியம் மழை, இரவு புழுக்கம். காவடிக்கு உடுத்திய மஞ்சள் வேட்டி முதல் பிள்ளைகளின் பள்ளிச் சட்டை வரை கூடை நிறைந்து கிடக்கும் நாளாகப் பார்த்துத்தான் ட்ரையர் மக்கர் பண்ணும். டிரம் சுற்றும், ஃபேன் சத்தம் கேட்கும். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தால் துணி போட்டபடியே ஈரமாக, ஜில்லென்று கிடக்கும்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "இதற்குச் செலவு செய்யலாமா, இல்லை தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாமா?" இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள். எந்தப் பாகம் போனது, ஏன் போனது என்று தெரியாமல் சொல்லும் பதில் வெறும் ஊகம். அது தெரிந்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலாவது, மேலே சொன்ன பழுதும் அதன் காரணமும். மற்றவை சுருக்கமாக:

- மெஷின் எந்த வகை, எத்தனை வயது. சூடான ஈரக்காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளும் வென்டட் வகையா, தண்ணீர்த் தொட்டி உள்ள கண்டென்சர் வகையா, ஃப்ரிட்ஜைப் போலக் கம்ப்ரெஸர் வைத்துச் சூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஹீட் பம்பா? ஒழுங்காகப் பராமரித்த ட்ரையர் 10 முதல் 13 ஆண்டு உழைக்கும்.
- வாரத்துக்கு எத்தனை சுமை. ஒரு சுமை காயும் வீட்டுக்கும் ஐந்து சுமை காயும் வீட்டுக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது.
- வாஷிங் மெஷின் எவ்வளவு பிழிகிறது. இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 5 கிலோ பருத்தித் துணியை நிமிடத்துக்கு 1,400 சுற்றில் பிழிந்தால் உள்ளே சுமார் இரண்டரை லிட்டர் தண்ணீர் மிஞ்சும். 800 சுற்றில் பிழிந்தால் மூன்றரை லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கவே 0.63 யூனிட் கரண்ட் வேண்டும். அது இயற்பியல், எந்த பிராண்டாலும் தப்ப முடியாது. மெஷினில் வீணாகும் சூடு தனி.
- வைக்கும் இடம். காற்று வெளியேற ஜன்னல் உண்டா, தனி 16 ஆம்பியர் பிளக் உண்டா?
- மறைந்திருக்கும் செலவு. கூலி, போக்குவரத்து, தவறாக வாங்கிய பாகம், புதிய பிளக் பாயின்ட்.

## முதலில் இருபது நிமிடம்

ஸ்குரூ டிரைவரைத் தொடாமலே பார்க்க வேண்டியவை இவை.

டயல் எதில் நிற்கிறது? "ஏரிங்" அல்லது குளிர்காற்று நிலையில் நின்றால் சூடு வரவே வராது. டைமர் வைத்த பழைய மெஷின்களில் கடைசிப் பத்து நிமிடம் சூடில்லாமல்தான் சுற்றும். துணியும், சூடு தரும் எலிமென்ட்டும் ஆறுவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். 15 நிமிடம் வைத்துவிட்டு "சூடே இல்லை" என்று புலம்பினால், அதில் ஐந்து நிமிடம்தான் சூட்டுக்கு உரியது. 40 நிமிடம் வைத்துப் பாருங்கள்.

அடுத்து ஃபில்டர். பஞ்சுத்தூசைக் கையால் வழித்தெடுத்தால் வலை சுத்தமாகிவிட்டதாக நினைக்கிறோம். அதைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். தண்ணீர் வலைக்குள் புகாமல் மேலே குளம்போல் தேங்கினால், துணிக்கு வாசனை தரும் சாஃப்டனர் மெழுகுபோலப் படிந்து கண்களை அடைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர்தான் காட்டிக்கொடுக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் துலக்கி, வெதுவெதுப்பான தண்ணீர். நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

மூன்றாவது, மின் மீட்டர். வீட்டில் ப்ரீபெய்ட் மீட்டர் இருந்தால் சோதனைக் கருவி கையிலேயே இருக்கிறது. டி.பி. போர்டில் (வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டியில்) கீசரை அணைத்து, ஃப்ரிட்ஜ் முதலான மற்றவற்றையும் சிறிது நேரம் நிறுத்திவிட்டு ட்ரையரை மட்டும் ஓட விடுங்கள். மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்பது மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 1,000 என்று இருந்தால் கணக்கு இப்படி: மோட்டார் மட்டும் ஓடினால் ஏறத்தாழ 250 வாட், 14 வினாடிக்கு ஒரு மினுக்கு. 2,000 வாட் எலிமென்ட்டும் சேர்ந்து எரிந்தால் ஒன்றரை வினாடிக்கு ஒன்று. பத்து நிமிடம் கவனியுங்கள்.

- ஆரம்பம் முதலே மெதுவாக மினுக்கினால், எலிமென்ட்டுக்குக் கரண்ட் போகவில்லை.
- வேகமாகத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் மெதுவாகி, மறுபடி வேகமானால், எலிமென்ட்டும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் வேலை செய்கின்றன. காற்றோட்டம்தான் அடைபட்டிருக்கலாம்.
- வேகமும் மெதுவுமாக இல்லாமல் நடுத்தரமாக, மூன்று வினாடிக்கு ஒன்று என்று மினுக்கினால், இரட்டைச் சுருள் எலிமென்ட்டில் ஒன்று அறுந்திருக்கலாம், அல்லது யாரோ அரைச்சூட்டுப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள்.

காற்றோட்டம் என்று சந்தேகம் வந்தால் பின்பக்கக் குழாயைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். சூடு வந்துவிட்டால் குழாய் நசுங்கியிருக்கிறது, அல்லது உள்ளே பஞ்சு மண்டியிருக்கிறது. கண்டென்சர் வகையானால் கீழே உள்ள வெப்பமாற்றியை இழுத்துக் கழுவுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்க மெஷின்களுக்கானவை. அங்கே ட்ரையருக்கு இரண்டு 120 வோல்ட் கம்பி; ஒன்று போனாலும் டிரம் சுற்றும், சூடு வராது. கேஸில் எரியும் ட்ரையரும் உண்டு. நமக்கு ஒற்றை 230 வோல்ட், ஒரே பிளக். "ஒரு பிரேக்கர் மட்டும் விழுந்திருக்கும்" என்ற ஆலோசனை இங்கே பொருந்தாது.

## வழி 1: நாமே கழற்றுவது

வென்டட் மெஷின், உத்தரவாதம் முடிந்துவிட்டது, மல்டிமீட்டர் (மின்தடையை ஓம் கணக்கில் அளக்கும் கருவி) இருக்கிறது, அதைப் பிடிக்கத் தெரியும் என்றால் இதுவே மலிவான வழி. உள்ளே சூட்டுக்குக் காரணமானவை விரல்விட்டு எண்ணக்கூடியவை: எலிமென்ட், கட்டுப்பாட்டு தெர்மோஸ்டாட் அல்லது வெப்ப உணரி, சூடு மீறினால் கரண்டைத் துண்டிக்கும் சேஃப்டி கட்-அவுட், டைமர் அல்லது மின்னணு போர்டு, இவற்றை இணைக்கும் வயர்.

பிளக்கைப் பிடுங்குங்கள்; சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அரை மணி ஆறவிட்டுப் பின்தகட்டைக் கழற்றுங்கள். தகட்டு விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், கையுறை அவசியம். எந்த வயரையும் உருவுமுன் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

முதலில் கட்-அவுட்டைப் பாருங்கள். எலிமென்ட் பெட்டியின் மேலேயே, ஏறத்தாழ 5 ரேண்ட் நாணயம் அளவில் வட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் சிறு பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். "டிக்" என்று சத்தம் வந்தால் அது விழுந்துதான், அதாவது கரண்டைத் துண்டித்துத்தான், இருந்தது. பொத்தான் இல்லாதது ஒருமுறை போனால் போனதுதான், மாற்ற வேண்டும். மல்டிமீட்டரில் நல்ல கட்-அவுட் பூஜ்யத்தை ஒட்டிய ஓம் காட்டும். போனது எதையும் காட்டாது.

பிறகு எலிமென்ட். இரண்டு வயரையும் கழற்றிவிட்டு அளங்கள்: 2,000 வாட் என்றால் சுமார் 26 ஓம், 2,500 வாட் என்றால் 21 ஓம், 1,000 வாட் சுருள் இரண்டு இருந்தால் ஒவ்வொன்றும் 53 ஓம். எண்ணே வராவிட்டால் சுருள் அறுந்தது. அதோடு நிறுத்தாமல், ஒரு முனைக்கும் உலோகப் பெட்டிக்கும் இடையிலும் அளங்கள். அங்கே எண் காட்டினால் சுருள் தொங்கிப் பெட்டியைத் தொடுகிறது. டி.பி. போர்டில் எர்த் லீக்கேஜ் (மின்கசிவைக் கண்டால் அணைக்கும் சுவிட்ச்) விழுவதற்கு அதுவே காரணமாக இருக்கும். அந்த எலிமென்ட்டை ஒரு தடவைகூட மறுபடி ஓட்டாதீர்கள்.

போர்டு வைத்த மெஷின்களில் தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் வெப்ப உணரி இருக்கும். அறைச்சூட்டில் ஓம் கணக்கு மாடலுக்கு மாடல் மாறும். ஆனால் உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் எண் மெல்ல இறங்க வேண்டும். இறங்காமல் அப்படியே நின்றால் உணரி செத்தது.

டர்பனுக்கே உரிய இரண்டு வியாதிகள் உண்டு. பிளஃப், இசிபிங்கோ, மெரிபேங்க் பக்கம் கடற்காற்றின் உப்பு, வயர் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். பூத்த இடத்தில் தொடர்பு தளரும், தளர்ந்த இடம் சூடேறும், வயரின் உறை பழுப்பாகிக் கருகும், முனை தொட்டாலே கையோடு வரும். இதைச் சுரண்டி மாட்டினால் மூன்று மாதம்கூடத் தாங்காது. கருகிய பகுதியை வெட்டிவிட்டு, உயர்வெப்பம் தாங்கும் புதிய முனையைக் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது கிடுக்கியால் அழுத்தி இறுக்குங்கள். ஈயம் வைத்துப் பற்றவைப்பது தப்பு; சாதாரண ஈயப் பற்று 183 டிகிரிக்கு மேல் இளகிவிடும். இரண்டாவது, பல்லி. வெதுவெதுப்பான போர்டின் ரிலே மேல் படுத்துக் கருகிக் கிடக்கும். பல்லியோடு போர்டும் போயிருந்தால் கணக்கே மாறிவிடும். பாகங்களிலேயே விலை கூடியது பெரும்பாலும் போர்டுதான்.

இப்போது முக்கியமான விஷயம். கட்-அவுட் பெரும்பாலும் தானாகப் போவதில்லை. எங்கோ அளவுக்கு மீறிச் சூடானதால்தான் அது விழுந்தது. அதை மட்டும் மாற்றிவிட்டுத் துணியைப் போட்டால் மாதம் ஒன்றில் மறுபடி அதே கதை. வழக்கமான காரணங்கள் மூன்று: அடைப்பு (ஃபில்டர், குழாய், ஃபேன் உறைக்குள் பஞ்சு), டிரம்மைச் சுற்றியுள்ள ஃபெல்ட் துணிப்பட்டை தேய்ந்து காற்று வழிதவறுவது, ஓட்டத்தின் நடுவே கரண்ட் போவது.

மூன்றாவதை இந்த நாட்டில் எல்லோரும் பட்டறிந்திருக்கிறோம். எலிமென்ட் தணலாக இருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் ஃபேனும் சேர்ந்து நிற்கும். சூட்டை இழுத்துச் செல்லக் காற்றில்லை. பெட்டியின் வெப்பம் ஒரு நிமிடத்தில் எகிறும், கட்-அவுட் விழும். லோட் ஷெடிங் (முறை வைத்த மின்வெட்டு) மிக மோசமாக இருந்த 2023இல் "கரண்ட் வந்ததும் ட்ரையர் சூடாகவில்லை" என்பது வீட்டுக்கு வீடு கேட்ட புகார். கேபிள் திருட்டும் வட்டார மின்வெட்டும் இன்றும் நின்றபாடில்லை. கரண்ட் போன அந்த நொடியே கதவைத் திறந்து துணியை வெளியே இழுத்துப் போடுங்கள். பொத்தான் வைத்த கட்-அவுட் என்றால் அரை மணி ஆறிய பிறகு அழுத்திப் பாருங்கள்; செலவில்லாமல் முடிந்துவிடும்.

கட்-அவுட்டைக் கம்பி போட்டு நேரடியாக இணைப்பது தெருவுக்கு ஒருவர் சொல்லித்தரும் வித்தை. செய்யவே கூடாது. நம் வீட்டுத் துணியில் எண்ணெய் இருக்கும்: தீபாவளி எண்ணெய்க் குளியலில் தலை துவட்டிய துவாலை, குத்துவிளக்கு துடைத்த துணி, பலகாரம் பொரித்த அன்று அடுப்பு மேடை துடைத்தது. நல்லெண்ணெய் துவைத்தாலும் முழுதாகப் போகாது. சூடான துணியைக் குவியலாக விட்டால் அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். இந்தத் துணிகளைக் கொடியில் போடுங்கள், ட்ரையரில் வேண்டவே வேண்டாம்.

மறைந்த செலவு: தவறான பாகம். மின்சாரப் பாகத்தைப் பல கடைகள் திரும்ப எடுக்காது. மெஷினின் கதவோரத் தகட்டில் உள்ள முழு மாடல் எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள், "7 கிலோ வெள்ளை மெஷின்" என்று கேட்டால் கடைக்காரர் ஏதாவது ஒன்றைத்தான் தருவார். டர்பன் ஜேகப்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட டிஃபை போன்ற, ஊரில் நிறைய விற்ற மெஷின்களுக்குப் பாகம் சுலபமாகக் கிடைக்கும். அபூர்வ பிராண்டுகளுக்கு இறக்குமதிக்காகக் காத்திருக்க நேரலாம்.

இது வேண்டாம் என்பவர்கள்: உத்தரவாதம் மிச்சமுள்ளவர்கள், ஹீட் பம்ப் வைத்திருப்பவர்கள், ஓம் என்றால் என்னவென்று இந்தக் கட்டுரையில்தான் முதலில் பார்த்தவர்கள்.

## வழி 2: மெக்கானிக்கைக் கூப்பிடுவது

வீட்டுக்கு வரும் கூலி ஒன்று, பாகத்தின் விலை ஒன்று, வேலைக்கூலி ஒன்று. போனில் பேசும்போதே மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். "வந்து பார்த்துச் சொல்றேன்" என்பது பதிலில்லை. வந்து பார்க்க எவ்வளவு, வேலையைக் கொடுத்தால் அது கழியுமா என்பதுதான் கேள்வி.

இங்கே சட்டம் நம் பக்கம். 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நான்கு பிரிவுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 15ஆம் பிரிவின்படி, மதிப்பீடு சொல்லி உங்கள் சம்மதம் வாங்காமல் பழுதுபார்த்துவிட்டுப் பணம் கேட்க முடியாது. மதிப்பீடு தயாரிப்பதற்கே கட்டணம் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். 57ஆம் பிரிவு, மாட்டிய பாகத்துக்கும் மாட்டிய வேலைக்கும் மூன்று மாத உத்தரவாதம் தருகிறது. 67ஆம் பிரிவு, கழற்றிய பழைய பாகத்தை உங்களிடம் திருப்பித் தரச் சொல்கிறது. இது சின்ன விஷயமில்லை. பழைய எலிமென்ட் கையில் இருந்தால் உண்மையிலேயே அறுந்திருந்ததா என்று யாரிடமும் காட்டலாம். புதிய மெஷின் ஆறு மாதத்துக்குள் பழுதானால், பழுதுபார்ப்பா, மாற்றா, பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை 56ஆம் பிரிவு உங்களுக்குத் தருகிறது. அப்படிப்பட்ட மெஷினை வெளியாள் திறந்தால் வாதம் பலவீனமாகிவிடும், கடைக்கே போங்கள்.

நல்ல மெக்கானிக்கை அடையாளம் காண ஒரே ஒரு கேள்வி போதும்: "கட்-அவுட் ஏன் போச்சுண்ணே?" குழாயையும் ஃபில்டரையும் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறாரா, "பழசாயிடுச்சு" என்று முடித்துவிடுகிறாரா என்று கவனியுங்கள். இரண்டாமவர் மூன்று மாதத்தில் திரும்ப வருவார், மறுபடி வருகைக் கூலியோடு.

எவ்வளவு வரை கொடுக்கலாம்? நடைமுறையில் இருக்கும் கணக்கு: மெஷின் தன் ஆயுளில் பாதியைத் தாண்டியிருந்து, பழுதுச் செலவும் அதே வகைப் புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்திக்கொள்ளுங்கள். எலிமென்ட், தெர்மோஸ்டாட், பெல்ட் போன்றவை இந்த வரம்பை அநேகமாகத் தொடாது. போர்டு தொடும். ஹீட் பம்பின் கம்ப்ரெஸர், கேஸ் கசிவு என்றால் நிச்சயமாகத் தொடும். அந்த வேலைக்கு எஸ்.ஏ.க்யூ.சி.சி. காஸ் பதிவு (வாயு வேலைக்கான தகுதிப் பதிவு) உள்ளவர்தான் வேண்டும். புதிய மெஷின்கள் பலவற்றில் இருப்பது ஆர்-290, அதாவது புரொப்பேன்; பற்றிக்கொள்ளும் வாயு.

கரண்ட் ஏற்ற இறக்கத்தால் போர்டு போனது என்றால் வீட்டுச் சாமான் இன்ஷூரன்ஸைப் பாருங்கள். "பவர் சர்ஜ்" என்ற தலைப்பில் தனி வரம்பும், நீங்கள் போட வேண்டிய முதல் தொகையும் எழுதியிருக்கும். அந்த முதல் தொகை பழுதுச் செலவைவிடக் கூடுதலாக இருந்தால் கேட்டுப் பயனில்லை.

## வழி 3: புதிது வாங்குவது

பழைய மெஷினின் மேல் உள்ள கோபத்தில் சனிக்கிழமை கடைக்குப் போய் வாங்குவதுதான் வழக்கம். வகையைத் தீர்மானிக்காமல் போகாதீர்கள்.

| | வென்டட் | கண்டென்சர் | ஹீட் பம்ப் |
|---|---|---|---|
| வாங்கும் விலை | குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| ஒரு சுமைக்குக் கரண்ட் (தோராயம்) | 3.5 யூனிட் | 3.5 முதல் 4 | 1.5 முதல் 2 |
| காயும் நேரம் | ஒன்றரை மணி | ஒன்றே முக்கால் மணி | இரண்டரை முதல் மூன்று மணி |
| இழுக்கும் வாட் | 2,000–2,500 | 2,000–2,700 | 600–900 |
| இன்வெர்ட்டரில் | திணறும் | திணறும் | ஓடும் |
| வெளியே குழாய் | கட்டாயம் | வேண்டாம் | வேண்டாம் |
| சூடு போனால் பழுது | எளிது, மலிவு | எளிது | கடினம், செலவு |

ஹீட் பம்ப் விற்பவர் கரண்ட் மிச்சத்தைத்தான் சொல்வார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சுமைக்கு 1.8 யூனிட் மிச்சம், யூனிட் 3 ரேண்ட் என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் எதெக்வினி மாநகராட்சி பில்லில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்), வென்டட்டைவிட 6,000 ரேண்ட் கூடுதல் விலை. வாரம் நான்கு சுமை காயும் வீட்டில் ஆண்டுக்குச் சுமார் 1,120 ரேண்ட் மிச்சம். ஐந்தரை ஆண்டில் போட்ட பணம் திரும்பும். வாரம் ஒரே சுமை என்றால் ஆண்டுக்கு 280 ரேண்ட்தான். பணம் திரும்ப 21 ஆண்டு ஆகும், அதுவரை மெஷின் இருக்காது. ஆகவே சின்னக் குடும்பத்துக்கு ஹீட் பம்ப் லாபமில்லை. கூரையில் சோலார் போட்டவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு: 5 கிலோவாட் இன்வெர்ட்டரில் 2,500 வாட் ட்ரையர் ஓடும்போது கெட்டிலைப் போட்டாலே சத்தம் போடும். 800 வாட் மெஷின் அங்கே தொந்தரவில்லாமல் ஓடும்.

மறைந்த செலவுகள் இங்கேதான் அதிகம். வென்டட் என்றால் சுவரில் துளை, அல்லது ஜன்னல் வழியே குழாய். ஜன்னலில் பர்க்ளர் பார் (திருடர் நுழையாமலிருக்கும் கம்பி) இருந்தால் குழாய் நசுங்காமல் போக வழியிருக்கிறதா என்று முதலில் அளங்கள். குழாயை வெளியே விடாமல் அறைக்குள்ளேயே ஊதவிட்டால் மூன்று லிட்டர் தண்ணீரும் அந்த அறைச் சுவரில்தான் போய்ப் பூஞ்சையாக வளரும். தவிர ஈரக்காற்றையே மெஷின் மறுபடி இழுத்து, காயும் நேரம் நீளும். 2,500 வாட் மெஷின் 11 ஆம்பியர் இழுக்கும். அதை எக்ஸ்டென்ஷன் கேபிளிலோ அடாப்டர் மேல் அடாப்டரிலோ போட்டால் பிளக் உருகும். தனிப் பாயின்ட் போட வேண்டியிருந்தால் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன்தான் போட வேண்டும், சான்றிதழும் வாங்க வேண்டும். மெஷினைப் பழுதுபார்க்க இது தேவையில்லை, சுவருக்குள் போகும் வயருக்குத்தான்.

ஹீட் பம்பை பக்கியில் (பிக்கப் வண்டியில்) படுக்கவைத்துக் கொண்டுவந்தால், கம்ப்ரெஸர் எண்ணெய் இடம் மாறியிருக்கும். நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் விட்ட பிறகே பிளக்கைச் செருகுங்கள். எத்தனை மணி என்பது கையேட்டில் இருக்கும்.

கண்டென்சரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னலே இல்லாத ஃபிளாட்டில், ஹீட் பம்புக்குப் பணம் போதாதபோது மட்டும்.

## வழி 4: ட்ரையரே வேண்டாம்

இதைப் பலர் தோல்வியாக நினைக்கிறார்கள். டர்பனில் மே முதல் ஆகஸ்ட் வரை வெயிலும் உலர்ந்த காற்றும் இருக்கும். காலை ஒன்பதுக்குக் கொடியில் போட்டால் மதியத்துக்குள் மடிக்கலாம். அந்த மாதங்களில் ட்ரையர் ஓட்டுவது சோம்பேறித்தனத்துக்குக் கட்டும் வரி.

ஆனால் டொங்காட், வெருலம் பக்கத்து வீடுகளில் வேறு தொல்லை. அந்த நல்ல வெயில் மாதங்கள்தான் கரும்பு வெட்டும் காலமும். வெட்டுமுன் வயலுக்குத் தீ வைத்த மறுநாள் கொடியில் உள்ள வெள்ளைச் சட்டையெல்லாம் கரிப்பிசிறு. உதறினால் போகும், தேய்த்தால் கோடாக இழுபடும். 1860 முதல் நம் ஆட்களைக் கப்பலேற்றி இழுத்து வந்த கரும்பு இன்றும் துணி காயவிடுவதில்லை. அங்கே கூரை போட்ட, மூன்று பக்கம் வலை அடித்த ஸ்டூப் (திண்ணை) இருந்தால் கொடியை அதற்குள் கட்டுங்கள்.

மழைக்காலத்துக்கு: வாஷிங் மெஷினில் பிழிவை மட்டும் இரண்டாவது தடவை ஓட்டுங்கள். பத்து நிமிடம், மிகக் கொஞ்சம் கரண்ட். துவாலையிலிருந்து இன்னும் ஒரு கோப்பைத் தண்ணீராவது வெளியேறும். பிறகு சிறிய அறையில் ஸ்டாண்டில் விரித்து, கதவைச் சாத்தி, ஈரம் உறிஞ்சும் டிஹியுமிடிஃபையர் ஒன்றும் ஃபேன் ஒன்றும் வையுங்கள். 300 வாட் டிஹியுமிடிஃபையர் ஆறு மணி நேரம் ஓடினால் 1.8 யூனிட், ஹீட் பம்ப் ட்ரையருக்குச் சமம், விலையோ அதைவிடக் குறைவு. சுவரில் பூஞ்சை பிடிக்கும் வீட்டுக்கு இரட்டை லாபம். குறை என்னவென்றால் அறை ஒன்று அடைபட்டுப்போகும், துவாலை மொடமொடவென்று காயும். பட்டும் ஜரிகை வேட்டியும் எப்படியும் ட்ரையருக்குள் போகக் கூடாதவை, அவற்றுக்குக் கொடி நிழல்தான்.

## யாருக்கு எது

வென்டட் மெஷின், ஏழு எட்டு வயது, கட்-அவுட்டோ எலிமென்ட்டோ போயிருக்கிறது: பழுது பாருங்கள், யோசிக்கவே வேண்டாம். நீங்களா மெக்கானிக்கா என்பது மல்டிமீட்டரைப் பொறுத்தது.

எர்த் லீக்கேஜ் விழுகிறது, அல்லது பிளக் முனை கருகியிருக்கிறது: மெக்கானிக்தான். அதுவரை பிளக் வெளியே இருக்கட்டும்.

பத்து வயது ஹீட் பம்ப், போர்டு நன்றாக இருக்கிறது, கம்ப்ரெஸர் ஓடியும் சூடில்லை: பழுதுக்குப் பணம் போடாதீர்கள். வாரம் நான்கு சுமைக்கு மேல் என்றால் மறுபடி ஹீட் பம்ப், குறைவென்றால் சாதாரண வென்டட்.

பிள்ளைகள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், வீட்டில் இருவர்தான், வாரம் ஒன்றரைச் சுமை: கொடியும் டிஹியுமிடிஃபையரும். தை மாதப் புழுக்கத்தில் இரண்டு வாரம் சமாளிக்க முடியாவிட்டால் லாண்ட்ரோமேட்டில் துவாலைகளை மட்டும் காயவைத்துக் கொள்ளலாம்.

பழையதை வெளியேற்றும்போது ஒன்று. 2021 ஆகஸ்ட் முதல் மின்சாரச் சாமான்களை இங்கே குப்பைக் கிடங்கில் கொட்டத் தடை. மின்கழிவு எடுக்கும் இடத்துக்கோ, புதியது கொண்டுவரும் கடைக்கோ கொடுங்கள். ஹீட் பம்பை இரும்புக்காரரிடம் கொடுத்தால் முதல் வேலையாகச் செம்புக் குழாயை வெட்டுவார். உள்ளிருக்கும் வாயு புரொப்பேனாக இருக்கலாம் என்று அவருக்குச் சொல்லிவிடுங்கள். வென்டட் மெஷினாக இருந்தால், கொடுக்குமுன் கதவின் மைக்ரோ சுவிட்சையும் டயல் குமிழையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். தெருவில் அதே மாடல் இன்னொரு வீட்டிலும் இருக்கும்.